புயலை நாலு நாள் முன்னால் சொல்கிறார்கள், இடிமழைக் காற்றை ஏன் சொல்ல முடியவில்லை?

உங்கள் அண்ணன் குடும்பம் அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் சீடார் ராப்பிட்ஸ் நகரில் இருக்கிறது, 2020 ஆகஸ்ட் 10 அன்று அவர்கள் தெருவில் ஒரு மரம்கூட நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முந்தைய நாள் பார்த்தபோது சாதாரண இடிமழை வாய்ப்பு என்றுதான் இருந்தது, மறுநாள் மத்தியானம் ஊரே கவிழ்ந்துவிட்டது. வங்கக்கடல் புயலை நாலு நாள் முன்னால் சொல்ல முடிகிறபோது இதை ஏன் சொல்ல முடியவில்லை, இன்னொரு தடவை வந்தால் முன்கூட்டித் தெரியுமா என்பது உங்கள் கேள்வி.

சுருக்கமாகச் சொன்னால்: இப்படிப்பட்ட காற்றுக்குத் தேவையான சாமான்கள் வானத்தில் சேர்ந்திருக்கின்றனவா என்பதை ஒன்றிரண்டு நாள் முன்னால் சொல்லிவிடலாம். அடுப்பு எத்தனை மணிக்குப் பற்றும், எந்த ஊருக்கு மேலே பற்றும் என்பது பல நாட்களில் அன்று காலை வரைக்கும் தெரியாது. ஆனால் பற்றிக்கொண்ட பிறகு, அது போகிற வழியில் இருக்கும் ஊர்களுக்கு ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கையில் கிடைக்கிறது. ஆட்கள் பிழைப்பது அந்த நேரத்தை வைத்துத்தான். அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பக்கத்து மாவட்டத்திலிருந்து வீசிக்கொண்டு வருகிறது என்றுதான் எல்லோரும் நினைப்போம். உண்மையில் அதில் பெரும்பகுதி நம் தலைக்கு மேலிருந்து விழுகிறது. பெரிய இடிமேகம் பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர் உயரம் நிற்கும். அதிலிருந்து மழைத்துளியும் ஆலங்கட்டியும் கீழே வரும்போது வழியில் வறண்ட காற்று இருந்தால், துளிகள் அங்கேயே ஆவியாகின்றன, ஆலங்கட்டி உருகுகிறது. மண்பானையில் கசியும் நீர் ஆவியாகி உள்ளே இருக்கும் தண்ணீரைக் குளிர வைக்கிறதே, அதே வேலைதான். குளிர்ந்த காற்றுக்குக் கனம் அதிகம். அது மழையின் பாரத்தையும் சேர்த்துக்கொண்டு தடதடவென்று இறங்குகிறது. தரையைத் தொட்டதும் அதற்கு மேற்கொண்டு போக இடமில்லை. சிமெண்டுத் தரையில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தால் எப்படிச் சிதறி ஓடுமோ, அப்படி நாலா பக்கமும் பாய்கிறது. மழை வருவதற்குச் சற்று முன்னால் திடீரென்று சிலுசிலுவென்று ஒரு காற்று முகத்தில் அடிக்குமே, அது இந்தக் கவிழ்ந்த காற்றின் விளிம்புதான்.

இதை நான் என்னவென்று தெரியாமலேயே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். பள்ளியில் படித்த காலம், மே மாதம், லால்குடி பக்கம் மாமாவின் வாழைத்தோட்டம். சாயங்காலம் பதினைந்து நிமிடம் அடித்த காற்று. விடிந்ததும் போய்ப் பார்த்தால், தார் தள்ளிய பூவன் அத்தனையும் இடுப்பில் முறிந்து வரிசையாக வடக்கே தலை வைத்துப் படுத்திருந்தது. சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்திருந்த மரங்களும் கம்போடு சேர்ந்து சாய்ந்திருந்தன. வாய்க்காலைத் தாண்டி ஒரு மைல் தள்ளி இருந்த தோட்டத்தில் எல்லாம் கிழக்கே சாய்ந்திருந்தன. இரண்டுக்கும் நடுவே இருந்த கொல்லையில் இலை கிழிந்ததோடு சரி. மாமா ‘சுழல்காத்துடா’ என்றார். சுழல்காற்றாக இருந்திருந்தால் மரங்கள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்திருக்கும். ஒரு நடுவிலிருந்து விலகி விலகிச் சாய்ந்திருந்தால், அங்கே காற்று மேலிருந்து விழுந்திருக்கிறது என்று அர்த்தம். இது எனக்குப் புரிய பல வருடம் ஆனது.

உலகத்துக்கே இது 1970களில்தான் புரிந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்த டெட் ஃபுஜிட்டா என்ற விஞ்ஞானி ஜப்பானில் பிறந்தவர். 1945-ல் அணுகுண்டு விழுந்த நாகசாகிக்கும் ஹிரோஷிமாவுக்கும் போய், குண்டு வெடித்த புள்ளியிலிருந்து எல்லாத் திசையிலும் மரங்கள் சாய்ந்து கிடந்ததை நேரில் பார்த்தவர். 1974 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட டொர்னாடோக்கள், அதாவது சுழல்காற்றுகள், அடித்தன. சேதத்தை விமானத்திலிருந்து பார்த்துக்கொண்டு போனபோது, மேற்கு வர்ஜீனியாவின் ஒரு காட்டில் அதே நட்சத்திர வடிவம் அவர் கண்ணில் பட்டது. அடுத்த வருடம் ஜூன் 24 அன்று நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் இறங்கிக்கொண்டிருந்த ஒரு விமானம் இடிமழையில் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த விபத்தை ஆராய்ந்தவர், மேகத்திலிருந்து காற்று குண்டுபோல் விழுந்து பரவுகிறது என்று சொல்லி, அதற்கு ‘டவுன்பர்ஸ்ட்’ என்று பேர் வைத்தார். சக விஞ்ஞானிகள் பலர் நம்பவில்லை. 1978-ல் சிகாகோ பக்கத்தில் காற்றின் ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ரேடார்களை நிறுத்தி அளந்து காட்டிய பிறகுதான் வாதம் அடங்கியது. 1985 ஆகஸ்ட் 2 அன்று டல்லாஸில் இன்னொரு விமானம் இதே காரணத்தால் விழுந்து 137 பேர் இறந்தார்கள். அதன் பிறகு பெரிய விமான நிலையங்களுக்கு இதைக் கண்டுபிடிக்கவென்றே தனி ரேடார் வந்தது. இன்று இடிமழையில் விமானம் ஓடுபாதையைத் தொடாமல் திரும்ப மேலே ஏறிச் சுற்றி வருகிறது என்றால், அதற்குப் பின்னால் ஃபுஜிட்டாவின் பிடிவாதமும் இருக்கிறது.

சரி, முன்னறிவிப்புக்கு வருவோம்.

வானிலைக்காரர்கள் பார்ப்பது நாலு விஷயம். தரையோரம் ஈரம் இருக்கிறதா, மேலே போகப் போகக் காற்று வேகமாகக் குளிர்கிறதா, கீழ்க்காற்றை மேலே தூக்கிவிட ஏதாவது இருக்கிறதா, உயரத்துக்கு உயரம் காற்றின் வேகமும் திசையும் மாறுகின்றனவா. கடைசியில் சொன்னதைத்தான் விண்ட் ஷியர் என்பார்கள். முதல் இரண்டையும் சேர்த்து ‘கேப்’ என்று ஒரு எண்ணாகக் கணக்கிடுவார்கள். ஒரு கிலோ காற்று மேலே ஏறும்போது எவ்வளவு ஆற்றல் கிடைக்கும் என்பதைச் சொல்லும் எண் அது. கிலோவுக்கு 2,500 ஜூல் இருந்தால், ஏட்டுக் கணக்குப்படி காற்று வினாடிக்கு 70 மீட்டர் வேகத்தில் மேலே போகலாம், அதாவது மணிக்கு 250 கி.மீ. நிஜத்தில் அதில் பாதிதான் தேறும். அந்தப் பாதியே கிரிக்கெட் பந்து அளவு ஆலங்கட்டியைக் கீழே விழவிடாமல் தாங்கப் போதும்.

இந்த எண்ணெல்லாம் வருவது பலூனிலிருந்து. உலகம் முழுக்க ஒரே நேரத்தில், இந்திய நேரம் காலை 5.30-க்கும் மாலை 5.30-க்கும் கணக்கு வைத்து பலூன் விடுகிறார்கள். சென்னையில் மீனம்பாக்கத்திலிருந்து விடுகிறார்கள். அது மேலே போகப் போக வெப்பத்தையும் ஈரத்தையும் அனுப்பிக்கொண்டே இருக்கும். அதைக் கோடாகப் போட்டால் இரண்டு வளைகோடு கிடைக்கும், ஒன்று வெப்பம், இன்னொன்று பனிப்புள்ளி, அதாவது காற்று எத்தனை டிகிரிக்குக் குளிர்ந்தால் அதிலிருக்கும் ஈரம் நீராகப் படியும் என்பது. இரண்டு கோடும் ஒட்டிக்கொண்டு போனால் அந்த உயரத்தில் காற்று ஈரம், விலகிப் போனால் வறட்சி. கீழே ஒட்டியும் நடுவில் நன்றாக விலகியும் இருந்தால், அனுபவமுள்ளவர் சாயங்காலக் காற்றைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிடுவார். ஏனென்றால் நடுவில் இருக்கும் அந்த வறட்சிதான் மழையை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்வித்துக் கீழே தள்ளப் போகிறது.

இதில் ஒரு சங்கடம். அமெரிக்காவில்கூட பலூன் நிலையங்களுக்கு இடையே சராசரியாக 300 கி.மீ.க்கு மேல் இடைவெளி. இடிமேகம் பத்து, இருபது கி.மீ. அகலம்தான். பெரிய வலையைப் போட்டுச் சின்ன மீனைப் பிடிக்கப் பார்க்கிறோம். செயற்கைக்கோள், விமானங்கள், ரேடார் எல்லாம் இடைவெளியை ஓரளவு அடைக்கின்றன. முழுசாக அடைபடுவதில்லை.

புயலோடு ஒப்பிட்டுக் கேட்டீர்களே, அதற்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. வங்கக்கடல் புயல் பல நூறு கி.மீ. அகலம், பல நாள் ஆயுசு. அதைத் தள்ளிக்கொண்டு போகும் மேல்காற்று ஆயிரக்கணக்கான கி.மீ. பரந்தது. இவ்வளவு பெரிய சமாசாரத்தில் சின்னத் தப்பு பெரிதாக வளர நாள் கணக்கில் ஆகும். தனி இடிமேகத்தின் ஆயுசு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். அதில் சின்னத் தப்பு பெரிதாக வளர மணிக்கணக்குக்கூட ஆகாது. பக்கத்து வட்டாரத்தில் காலையில் பெய்த மழை விட்டுப்போன குளிர்காற்று சாயங்கால இடிமழையை இருபது கி.மீ. தள்ளி வைத்துவிடலாம், அல்லது வரவே விடாமல் செய்துவிடலாம். கணினி எவ்வளவு பெரிதானாலும், காலையில் எங்கே என்ன இருந்தது என்பது தெளிவாகத் தெரியாவிட்டால் சாயங்காலமும் தெளிவாகத் தெரியாது.

தனி மேகம் அடித்தால் ஒரு தோட்டம், ஒரு தெரு. அயோவாவில் அடித்தது வேறு. இடிமேகங்கள் பல ஒன்றாகச் சேர்ந்து, அவை இறக்கிய குளிர்காற்றெல்லாம் கீழே ஒரே குவியலாகத் தேங்குகிறது. அந்தக் குவியல் முன்னால் இருக்கும் வெதுவெதுப்பான ஈரக்காற்றுக்கு அடியில் ஆப்பு மாதிரி நுழைந்து அதைத் தூக்கிவிடுகிறது. தூக்கப்பட்ட காற்று புது மேகமாகிறது. புது மேகம் மறுபடி குளிர்காற்றைக் கொட்டுகிறது. விண்ட் ஷியர் போதுமான அளவு இருந்தால், மேலேறும் காற்றும் இறங்கும் காற்றும் ஒன்றையொன்று அமுக்கிவிடாமல் தாக்குப்பிடிக்கும். அப்புறம் இது தன்னைத்தானே ஓட்டிக்கொள்ளும் வண்டி மாதிரி. பின்பக்கத்திலிருந்து ஒரு வேகமான காற்று மேகத்துக்குள் புகுந்து முன்னே இறங்கித் தரையில் மோதும். அது தள்ளத் தள்ள, நேர்கோடாக வந்த மழை நடுவில் உப்பி வில்லாக வளையும். ரேடார் திரையில் அந்த வில்லைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். வில்லின் நடுமுனை எந்த ஊரைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கிறதோ, அந்த ஊருக்கு நேரம் நெருங்கிவிட்டது.

நூற்றுக்கணக்கான கி.மீ. தூரம் இப்படிச் சேதம் செய்துகொண்டே போனால் அதற்குப் பேர் டெரேச்சோ. ஸ்பானிய மொழியில் ‘நேராக’ என்று பொருள். சுழல்காற்றான டொர்னாடோவிலிருந்து பிரித்துக் காட்ட இந்தப் பேரை 1888-ல் வைத்தவர் குஸ்டாவஸ் ஹின்ரிக்ஸ். அவர் வேலை பார்த்தது அயோவா சிட்டியில், உங்கள் அண்ணன் ஊரிலிருந்து நாற்பது கி.மீ. தூரம்தான். அந்தச் சொல் பிறந்த மண்ணிலேயே 2020-ல் அது வந்து விழுந்தது. நூறு வருடம் யாரும் பயன்படுத்தாமல் கிடந்த அந்தச் சொல்லை 1987-ல் ஜான்ஸ், ஹர்ட் என்ற இரண்டு பேர் தூசி தட்டி எடுத்தார்கள்.

இப்போது ஆகஸ்ட் 10. அயோவாவில் அந்த மாதம் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். பயிர் விடும் ஈரமே காற்றைப் புழுக்கமாக்கிவிடும். நம்ம ஊர் சித்திரை மாதிரி பிசுபிசுக்கும் நாட்கள் அங்கே அப்போது சகஜம். சாமான்கள் இருந்தன. ஆனால் முந்தைய இரவு ஓட்டிய, வானிலையைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி மாதிரிகளில் பெரும்பாலானவை பெரிதாக எதையும் காட்டவில்லை. விடியற்காலையில் தெற்கு டகோட்டா, நெப்ராஸ்கா எல்லையோரம் ஒரு சின்ன இடிமேகக் கூட்டம் இருந்தது. இரவில் உருவாகும் இப்படிப்பட்ட கூட்டங்கள் பெரும்பாலும் வெயில் ஏறும்போது தேய்ந்து போய்விடும். மாதிரிகளும் அப்படித்தான் நினைத்தன. இது தேயவில்லை. புழுக்கமான காற்றுக்குள் கால் வைத்ததும் கீழே வேர் பிடித்துக்கொண்டது.

நாடு முழுவதற்கும் இடிமழை எச்சரிக்கை மட்டங்களைத் தீர்மானிக்கும் மையம் ஓக்லஹோமாவில் நார்மன் நகரில் இருக்கிறது. அவர்களிடம் ஐந்து படிகள் உண்டு. முந்தைய நாள் கீழ்ப்படிகளில் வைத்திருந்ததை, அன்று காலை ரேடாரில் நடப்பதைப் பார்த்துப் படிப்படியாக ஏற்றினார்கள். இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாதிரி சொன்னதை விட்டுவிட்டுக் கண்ணெதிரே இருப்பதை நம்புவதற்குத் தைரியம் வேண்டும். அதைச் செய்தார்கள்.

அந்தக் கூட்டம் பதினோரு மணிவாக்கில் மாநிலத் தலைநகர் டி மாய்னை அடித்தது. பன்னிரண்டரை மணிவாக்கில் சீடார் ராப்பிட்ஸ். பக்கத்தில் ஆட்கின்ஸ் என்ற சின்ன ஊரில் கருவியில் பதிவானது மணிக்கு 203 கி.மீ. சீடார் ராப்பிட்ஸில் இடிந்த ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் சேதத்தை வைத்து, காற்று அங்கே 225 கி.மீ. வரை போயிருக்கும் என்று கணித்தார்கள். 2016 டிசம்பரில் வர்தா சென்னையைக் கடந்தபோது வீசியது மணிக்கு சுமார் 110 கி.மீ. அளவில். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நாலு மடங்காகும். சாதாரண இடிமழைக் காற்று ஐந்து, பத்து நிமிடத்தில் ஓய்ந்துவிடும். இது சில இடங்களில் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் நிற்காமல் அடித்தது. மரம் முதல் ஐந்து நிமிடம் தாங்கும், இருபதாவது நிமிடம் தாங்காது. அந்த நகரத்தின் மரநிழலில் பாதிக்கு மேல் ஒரே மத்தியானத்தில் போனது. தெற்கு டகோட்டாவில் தொடங்கி ஒஹாயோ வரை 14 மணி நேரத்தில் சுமார் 1,240 கி.மீ. ஓடியது. சேதம் 1,100 கோடி டாலர் அளவு. அதுவரை அமெரிக்காவில் இடிமழையால் நேர்ந்த சேதங்களில் அதுவே மிகப் பெரியது. இறந்தவர்கள் நாலு பேர். இவ்வளவு சேதத்தில் நாலே பேர் என்பதைப் பார்க்கும்போது, எச்சரிக்கை பலரைக் காப்பாற்றியிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். டி மாய்னுக்கும் சீடார் ராப்பிட்ஸுக்கும் இடையே அது ஓடி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்கும் முன்னாலிருந்தே அது எப்படிப்பட்டது என்பது தெரிந்துவிட்டது. எச்சரிக்கைகள் வரிசையாக வந்துகொண்டுதான் இருந்தன. பிறகும் நிறையப் பேர் திகைத்துப்போய் நின்றதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காலத்தில் அங்கே டொர்னாடோ எச்சரிக்கை வந்தால் கைபேசிகள் தாமாக அலறும், கடும் இடிமழை எச்சரிக்கைக்கு அலறாது. 225 கி.மீ. காற்றுக்கும் 95 கி.மீ. காற்றுக்கும் ஒரே பேர், ‘கடும் இடிமழை’. ஒரு கோடையில் பத்து, பதினைந்து தடவை வரும் அறிவிப்பை யார்தான் ஒவ்வொரு தடவையும் எழுந்து பார்ப்பார்கள்?

இதைத் திருத்தினார்கள். அங்கே கடும் இடிமழை என்று சொல்ல காற்று மணிக்கு 93 கி.மீ.யைத் தொட வேண்டும். 2021 ஆகஸ்டிலிருந்து அதற்கு மேலே இரண்டு படி சேர்த்தார்கள். 113 கி.மீ. தாண்டினால் ஒரு படி, 129 கி.மீ. தாண்டினால் ‘பெருநாசம்’ என்ற அர்த்தத்தில் இன்னொரு படி. அந்தக் கடைசிப் படி வந்தால் டொர்னாடோவுக்கு அலறுவதுபோலவே கைபேசி அலறும். என்னைக் கேட்டால், புதுக் கணினி வாங்குவதைவிட இது அதிக உயிரைக் காப்பாற்றும். தெரிந்த விஷயத்தை உரிய ஆளுக்கு உரிய நேரத்தில் கேட்கிற மாதிரி சொல்வதுதான் அதன் வேலை.

ரேடாரே வைத்திருக்கும்போது காற்றின் வேகத்தை நேரடியாகவே படித்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. ரேடார் அலை நேர்கோட்டில் போகிறது, பூமி கீழே வளைந்துகொண்டு போகிறது. நூறு கி.மீ. தள்ளி இருக்கும் ஊரில் மிகத் தாழ்வான அலைகூடத் தரையிலிருந்து ஒன்றரை கி.மீ. உயரத்தில்தான் போகும். அதோடு, தன்னை நோக்கி வரும் காற்றையும் விலகிப் போகும் காற்றையும்தான் டாப்ளர் அளக்கும். குறுக்கே போகும் காற்று அதற்குக் காற்றே இல்லை. எனவே பணியில் இருப்பவர் வேறு அறிகுறிகளைத் தேடுகிறார். வில் வடிவம், வில்லின் முதுகில் மழை குறைந்து தெரியும் ஒரு வெட்டு, நடு உயரத்தில் காற்று நாலா பக்கமிருந்தும் உள்ளே குவிவது. அப்புறம் ஒரு மெல்லிய கோடு. குளிர்காற்றின் விளிம்பு புழுதியையும் பூச்சிகளையும் வாரிக்கொண்டு வருவதால், ரேடாரில் அது மழைக்கு முன்னால் மயிரிழைபோல் தெரியும். அந்தக் கோடு மழையை ஒட்டியே வந்தால் மேகத்துக்கு இன்னும் தீனி கிடைக்கிறது. மழையை விட்டு வெகுதூரம் முன்னே ஓடிவிட்டால், ஆட்டம் தளரப் போகிறது என்று மூச்சு விடலாம். முதல் தடவை இந்த இழையைத் திரையில் கண்டுபிடித்து, இருபது நிமிடம் கழித்து நான் இருந்த வீட்டு ஜன்னல் படாரென்று அடித்துக்கொண்டதை இன்னும் மறக்கவில்லை.

மாதிரிகளும் சும்மா இல்லை. அமெரிக்காவில் மூன்று கி.மீ. கட்டங்களாக நாட்டைப் பிரித்து மணிக்கொரு தடவை புதிதாக ஓடும் மாதிரி இருக்கிறது. ஒன்றை மட்டும் நம்பாமல், ஆரம்ப நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் பல தடவை ஓட்டிப் பார்த்து, எத்தனையில் வில் உருவாகிறது என்று எண்ணுகிறார்கள். அதிலிருந்துதான் சதவீதம் வருகிறது. அந்தச் சதவீதத்தைப் படிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. அவர்கள் 15 சதவீதம் என்றால், உங்கள் வீட்டைச் சுற்றி 40 கி.மீ.க்குள் எங்கேயாவது ஒரு இடத்தில் 93 கி.மீ.க்கு மேல் காற்று அடிக்க அவ்வளவு வாய்ப்பு. சாதாரண நாளில் அது ஒன்றிரண்டு சதவீதம்தான் இருக்கும். அப்படியானால் 15 என்பது ‘வராது’ என்பதல்ல, வழக்கத்தைவிடப் பல மடங்கு. ஆகஸ்ட் 10-ன் முந்தைய நாள் முன்னறிவிப்பையும் இந்தக் கண்ணோடு பார்த்தால், அது ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடவில்லை என்பது புரியும்.

எல்லா டெரேச்சோவும் இப்படித்தான் கடைசி நேரத்தில் தெரியவரும் என்று இல்லை. ஆனால் 2012 ஜூன் 29-ம் இதே கதைதான். வாஷிங்டனில் அன்று வெயில் 40 டிகிரி. மத்தியானம் சிகாகோ பக்கம் கிளம்பிய மேகக் கூட்டம் மலைத்தொடரையே ஏறி இறங்கி, இரவு பத்தரைவாக்கில் தலைநகரை அடித்தது. பத்து மணி நேரம் ஓடி வந்ததை எல்லோரும் ரேடாரில் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மலையில் ஏறும்போது தளர்ந்துவிடும் என்ற வழக்கமான எண்ணம் அன்று பொய்த்தது. நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. அதற்கப்புறம் வந்த வெயில் நாட்களில் மின்விசிறிகூட இல்லாமல் வெப்பத்தில் இறந்தவர்களும் உண்டு.

நம் பக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இங்கேயும் இதே கேள்வியைப் பலர் கேட்கிறார்கள். தமிழ்நாட்டின் கோடையில் ஈரமும் வெப்பமும் தாராளம், விண்ட் ஷியர் பெரும்பாலும் குறைவு. அதனால் மேகங்கள் தனித்தனியாக எழும்பி, ஒரு மணி நேரத்தில் கொட்டி ஓய்ந்துவிடும். வாழையைச் சாய்க்க அது போதும், மாநிலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட அது போதாது. சட்டென்று எழும்புவதால் கிடைக்கும் அவகாசமும் குறைவு, அரை மணி நேரம் கிடைத்தாலே பெரிது. வங்காளத்தில் சித்திரையில் வரும் காலபைசாகி வேறு ரகம். மேற்கே சோட்டா நாக்பூர் பீடபூமியின் வறண்ட காற்றும் வங்கக்கடலின் ஈரக்காற்றும் ஒன்றன்மேல் ஒன்று அமர்வதால், வரிசையாகக் கிளம்பிப் பல நூறு கி.மீ. ஓடும். 2018 மே 2 இரவு உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் புழுதியோடு வந்த இடிமழைக் காற்று நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. ஆக்ரா பக்கம் மிகவும் அடிபட்டது. இறந்தவர்களில் பலர் தூக்கத்தில் சுவரும் கூரையும் விழுந்து போனவர்கள்.

நம் வானிலை மையம் ‘ஓரிரு இடங்களில் இடி, மின்னல், மணிக்கு 40 முதல் 50 கி.மீ. வேகத்தில் பலத்த காற்றுடன் மழை’ என்று சொல்லும்போது, மழுப்புகிறார்கள் என்று நினைக்காதீர்கள். ‘ஓரிரு இடங்கள்’ என்பதற்குக் கணக்கு உண்டு, அந்தப் பகுதியின் நிலையங்களில் கால்வாசிக்கு மேற்படாது என்று அர்த்தம். எது அந்தக் கால்வாசி என்பதைத்தான் அடுத்த 3 மணி நேர அறிவிப்பு சொல்ல முயல்கிறது. அதை ரேடார் பார்த்து எழுதுகிறார்கள். காலை அறிவிப்பைவிட அதற்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதி, இன்னொரு தடவை வந்தால் தெரியுமா என்பது. முந்தைய நாளே ஊர் பேர் சொல்லி, நேரம் சொல்லித் தெரியும் என்று நம்பி உட்கார வேண்டாம். அன்று காலை படி ஏறுகிறதா என்று ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள், மத்தியானம் மறுபடி ஒரு தடவை. மேற்கே இருக்கும் ஊர்களில் என்ன நடந்தது என்று கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். அங்கே இந்தக் கூட்டங்கள் பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் வரும். வானத்தில் அடுக்கிவைத்த பலகைபோல் தாழ்வாக ஒரு கருமேகம் விளிம்பு கட்டி வருவதைப் பார்த்துவிட்டால், படம் எடுக்க வெளியே நிற்க வேண்டாம். அந்த விளிம்புக்கும் காற்றுக்கும் இடையே இருப்பது சில நிமிடம்தான். அங்கே வீடுகளில் நிலவறை இருக்கும், அதற்குள் இறங்கிவிட வேண்டும். இல்லையென்றால் ஜன்னல் இல்லாத கீழ்த்தள அறை. பெரிய மரத்துக்கு நேர்கீழே இருக்கும் படுக்கையறையில் அன்றிரவு யாரும் படுக்க வேண்டாம். மின்சாரம் போன பிறகு ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ கார் நிறுத்தும் அறையிலோ ஓட்டக் கூடாது, அதன் புகையில் வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும் வாயு உண்டு.

இன்னொன்று. 2020-ல் அந்த ஊரில் காற்று ஓய்ந்த பிறகு கைபேசி இணைப்பும் பெருமளவு போய்விட்டது. வானிலை எச்சரிக்கைக்கென்றே அங்கே தனி வானொலிப் பெட்டி விற்கிறார்கள், விலை அதிகமில்லை, எச்சரிக்கை வந்தால் தூக்கத்திலும் எழுப்பிவிடும். அண்ணனிடம் அது இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், பேட்டரி கடைசியாக எப்போது மாற்றினார் என்றும் கேளுங்கள்.